காணாமல் போன ஹார்ட் டிஸ்க்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

கம்ப்யூட்டரில் புது ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகப் பட்டை) போட்டதிலிருந்து பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தாய். உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. பெரும்பாலும் ரேம் சரியாக உட்காராததுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்து, மிச்ச மின்சாரம் வடியட்டும். ரேமை எடுத்து அந்தத் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, திரும்பச் செருகு. கிளிப் 'டக்'கென்று தானாக மூடும்வரை அழுத்த வேண்டும்; பயந்து பயந்து அழுத்தினால் உட்காராது. அப்படியும் வரவில்லையென்றால் பழையதைக் கழற்றிவிட்டு புதியதை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பார். ஒன்றின் வேகம் 2666, இன்னொன்றின் வேகம் 3200 என்பதால் பயப்படாதே. இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும்.

நானும் போன மாதம் இப்படித்தான் தவித்தேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் முடிந்துவிட்டதே, 11-க்கு மாறும்போது வேகமாகவும் இருக்கட்டும் என்று ஒரு எம்.2 எஸ்எஸ்டி வாங்கினேன்; ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான, சின்னப் பட்டை மாதிரியான சேமிப்பு அது. மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகும் பெரிய பலகை) படுக்க வைத்து, அரிசி அளவு திருகை முடுக்கினேன். எஸ்எஸ்டி உடனே தெரிந்தது. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம், விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில்கூட இல்லை. அப்பாவின் கடைசிப் பொங்கல் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. கை நடுங்கிவிட்டது.

கடையில் போனிலேயே, டிஸ்க் போய்விட்டது, டேட்டா எடுக்கத் தனிச் செலவு ஆகும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கேபினெட்டைத் திறந்து வைத்தே ஆன் செய்து, டிஸ்க்கின் மேல் விரலை வைத்தேன். மெல்லிய அதிர்வு. உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருந்தது! அப்புறம்தான் மதர்போர்டு மேனுவலை எடுத்துப் படித்தேன். எம்.2 இடத்தில் சாட்டா வகை (ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் அதே இணைப்பு முறை) எஸ்எஸ்டி போட்டால், ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்களில் ஒன்று அணைந்துவிடும் என்று பொடி எழுத்தில் இருந்தது. மதர்போர்டில் இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட்டிலிருந்து வரும் ஒரே தடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றனவாம். நம் டிஸ்க் சரியாக அந்த போர்ட்டில்தான் இருந்தது. கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றினேன். அத்தனை போட்டோவும் வந்துவிட்டன. அன்று இரவே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகுதான் படுத்தேன். நீயும் ரேமில் கை வைக்கும் முன் முக்கியமானதையெல்லாம் நகல் எடுத்துவிடு என்று சொல்லலாம் என்றால் இப்போது ஆன் ஆகவே இல்லை. சரி, ஆனதும் முதல் வேலையாக அதைச் செய்.

அந்தப் பொங்கல் போட்டோ ஒன்றில் அப்பா பக்கத்தில் கரும்போடு நீ நிற்கிறாய். பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டு. ரேம் என்ன ஆயிற்று என்று எழுது. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே, மாற்றித் தரச் சொன்னால் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்