ஹாலிஃபாக்ஸுக்கு ஒரு பார்சல்

இன்வர்னஸ்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் மருந்து எழுதிக் கொடுத்தவர், தன் காலை இன்னொரு மருத்துவரிடம் காட்ட நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாடிப்படி இல்லாத வீட்டுக்குப் போகப் போகிறோம் அல்லவா, அதனால் சாமான்களைக் கழித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்து இசைக்குழு ரன்ரிக்கின் குறுந்தகடுகளை என்ன செய்வது என்று போனில் கேட்டதற்கு, எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாய். கொடுத்துவிட்டேன், உனக்கே. நேற்று தபாலில் சேர்த்தாயிற்று. உன் பழைய காரில் குறுந்தகடு போடும் இடம் இருக்கிறது என்று நீயே ஒரு முறை வாய்விட்டு மாட்டிக்கொண்டாய்.

பார்சலைப் பிரித்ததும் 'தி கட்டர் அண்ட் தி கிளான்' ஆல்பத்தைத்தான் முதலில் எடுப்பாய். 1987இல் வந்தது; எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். அதில் உள்ள ஒரு காலிக் பாட்டு, எட்டு வருடம் கழித்து ஒரு பீர் விளம்பரத்தில் ஒலித்து, பிரிட்டன் தரவரிசையில் 18ஆம் இடத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் காலிக் மொழிப் பாட்டு ஒன்று முதல் இருபதுக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை. 'மிக உயரத்து ஆப்பிள்' என்று அதன் பெயருக்குப் பொருள். நல்ல பாட்டுதான். ஆனாலும் அங்கே தொடங்காதே. கல்யாண வீட்டுக்குப் போய் நேரே பாயசத்தில் கை வைப்பதுபோல் ஆகிவிடும்.

நான் எங்கே தொடங்கினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. 1989 ஜனவரியில் இந்த ஊருக்கு வந்தேன். மூன்றரை மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். அப்பாவுக்கு ஓயாத இரவுப் பணி. பக்கத்து வீட்டு அம்மாள் லூயிஸ் தீவுக்காரர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது, ஒரு நாள் இரண்டு ஸ்கோனும் ஒரு கேசட்டும் கொண்டுவந்து வைத்தார். 'ஹார்ட்லேண்ட்', 1985. தன் மொழியை 'கேலிக்' என்று நான் சொன்னதும் திருத்தினார்: அது அயர்லாந்துக்காரர்கள் சொல்வது, எங்களுடையது 'காலிக்'. அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நாடா சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி, ஸ்கை தீவைப் பற்றிய பாட்டு வரும் இடத்தில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டைத் தெளிவாகக் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிறது.

பாதிப் பாட்டு ஆங்கிலம், பாதி காலிக். காலிக்கில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் மெட்டு? ஐந்தே சுரம், அப்படியே மோகனம். அடுப்படியில் நின்று கூடவே முணுமுணுத்தேன். பை வைத்து ஊதும் பேக்பைப்பில் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த ஒற்றைச் சுருதியைக் கேட்டு, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற ஆள் இல்லாமலே இவர்கள் சமாளித்துவிட்டார்களே என்றார் அப்பா. மால்கம் ஜோன்ஸ் என்பவர் அந்தப் பைப்பின் அசைவுகளை மின்கிட்டாரிலேயே கொண்டுவருவார். கவனித்துக் கேள், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் விரல் சின்னதாக ஒரு உதறு உதறும். டிரம்ஸ் எவ்வளவு இரைச்சல் போட்டாலும் இது மலைநாட்டுப் பாட்டு என்று அந்த உதறல் சொல்லிவிடும்.

அதற்கு முந்தியது 'ரிகவரி', 1981. அதைக் கேட்குமுன் குழுவின் பெயரைப் புரிந்துகொள். வயலைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, அவ்வப்போது கைமாற்றி உழும் பழைய முறைக்குத்தான் ரன்ரிக் என்று பெயர். நல்ல மண் ஒருவனிடமே தங்கிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையீடு இதே கதைதான் என்று அப்பா துள்ளிவிட்டார். அவருடைய தாத்தா காலத்துப் பேச்சு அது. ஆடு வளர்ப்பதற்காக நிலப்பிரபுக்கள் குடியானவர்களை விரட்டியது, 1882இல் ஸ்கையின் பிரேஸ் கிராமத்தில் கிளாஸ்கோ போலீஸ் மீது பெண்கள் கல்லெறிந்தது, 1886இல் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை சட்டமானது, இந்த நினைவுகள்தான் அந்த ஆல்பத்தின் அடிநாதம். ஒலிப்பதிவு சுமார்தான். பொறுத்துக்கொள். 1978இல் வந்த 'ப்ளே காலிக்' முழுக்க முழுக்கக் காலிக். திருமணங்களிலும் நடனக் கூடங்களிலும் வாசித்துக்கொண்டிருந்த குழு, காசு வராது என்று தெரிந்தே முதல் ஆல்பத்தைத் தாய்மொழியில் போட்டது. ரோரி, கேலம் மெக்டொனால்ட் என்ற அண்ணன் தம்பி எழுத, டானி மன்ரோ பாடினார்.

டானி மன்ரோ! அந்தக் குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தபால் கட்டணம் ஏறிவிடும். 1991 ஜூனில் லோமண்ட் ஏரிக்கரையில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் கூடினார்கள். நான் போகவில்லை. நீ வயிற்றில் இருந்தாய். நான்கு மணி நேரக் கார்ப் பயணம் வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார். இதை நான் மறக்கவில்லை, இருவரையும் மன்னிக்கவும் இல்லை. 'தி பிக் வீல்', 'அமேசிங் திங்ஸ்' இரண்டும் அந்தப் பெருமிதக் காலத்தவை. இரண்டாவது, 1993இல் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. எனக்கு இரண்டுமே கொஞ்சம் பளபளப்பு அதிகம். 'மாரா' அப்படி இல்லை. அதைக் கடலோரமாக ஓட்டும்போது போடு.

1997இல் மன்ரோ தேர்தலில் நிற்கிறேன் என்று குழுவை விட்டுப் போனார். தோற்றார். கீபோர்ட் வாசித்த பீட் விஷார்ட் 2001இல் வேறு கட்சியில் நின்று நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். மன்ரோ இடத்துக்குக் கனடாவிலிருந்து ப்ரூஸ் கத்ரோ என்ற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காலிக் தாய்மொழி இல்லை, கையில் ஒரு கிட்டார், மெல்லிய நாட்டுப்புறக் குரல். இனிமேல் அந்தக் குழுவின் ஒரு தகட்டையும் வாங்க மாட்டேன் என்று சபதம் போட்டேன்.

நீதான் உடைத்தாய். 2001இல் உனக்கு ஒன்பது வயது. சேர்த்து வைத்த காசில் 'தி ஸ்டாம்பிங் கிரவுண்ட்' வாங்கி வந்து என் பிறந்தநாளுக்குக் கொடுத்தாய். அட்டைக்குள் நீல மையில், கோணல் தமிழில், 'அம்மாவுக்கு, திட்டாமல் கேளுங்கள்' என்று எழுதியிருந்தாய். 'கே' எழுதத் தெரியாமல் கொம்பைப் பின்னால் போட்டிருந்தாய். அப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். நன்றாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த ஆல்பத்தை லாரல் கிளார்க் என்ற விண்வெளி வீராங்கனை கொலம்பியா ஓடத்தில் எடுத்துச் சென்றார். கடற்படை மருத்துவராக ஸ்காட்லாந்தில் இருந்தவர். 2003 பிப்ரவரியில் ஓடம் வானிலேயே சிதறியது. தரையில் பொறுக்கிய துண்டுகளுக்கு நடுவே அந்தக் குறுந்தகடு கிடைக்க, அவருடைய குடும்பத்தார் அதைக் குழுவிடம் கொடுத்தார்கள். செய்தியைப் படித்த அன்று உன் குறுந்தகட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ப்ரூஸ் கத்ரோ கேப் பிரட்டன் தீவுக்காரர் என்பது அப்போது எனக்கு ஒரு விவரம், அவ்வளவுதான். அந்தத் தீவு இருக்கும் நோவா ஸ்கோஷியாவில் நீ வேலை கிடைத்துப் போன பிறகுதான் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். 'ஹார்ட்லேண்ட்' தகட்டில் 'டான்ஸ் கால்ட் அமெரிக்கா' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 1773இல் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனோடு ஸ்கைக்கு வந்த ஜேம்ஸ் பாஸ்வெல், அங்கே 'அமெரிக்கா' என்ற பெயரில் ஒரு நடனம் கண்டார்: ஒரு ஜோடி சுழலத் தொடங்கும், அது அடுத்ததை இழுக்கும், கடைசியில் கூடமே சுழலும். ஊர் ஊராகக் கப்பலேறுவது அப்படித்தான் தொற்றுகிறது என்று எழுதி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் 'ஹெக்டர்' கப்பல் மலைநாட்டுக்காரர்களைச் சுமந்துகொண்டு உங்கள் பக்கத்துப் பிக்டூவில் கரை சேர்ந்தது. வழியிலேயே அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் பல குழந்தைகள் போய்விட்டன. பிக்டூ உனக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தக் கப்பலின் மாதிரி அங்கே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்.

ஆக, கத்ரோ வெளியாள் இல்லை. அந்த நடனத்தில் சுழன்று போனவர்கள் கரை சேர்ந்த தீவிலிருந்து பாட வந்தவர். இது எனக்கு உறைக்க இருபது வருடம் ஆயிற்று.

2018 ஆகஸ்டில் ஸ்டர்லிங் கோட்டைக்குக் கீழே, கடைசிக் கச்சேரியின் இரண்டாம் இரவு. நானும் அப்பாவும் போயிருந்தோம்; மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் அப்பாதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு டென்மார்க் குடும்பம் காலிக் பாட்டை முழுக்கப் பாடியது. எனக்கு மனப்பாடமாகாத இரண்டாம் சரணமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கொஞ்சம் பொறாமைதான். மன்ரோவும் விருந்தினராக மேடையேறினார். நான் அழவில்லை. அப்பா அழுதார், கேட்டால் மறுப்பார்.

கத்ரோ 2023 செப்டம்பரில் காலமானார். உனக்கு அன்று செய்தி அனுப்பினேன், நீ வேலையில் இருந்தாய்.

பார்சலில் பதினோரு தகடுகள் இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு 'தி ஸ்டாம்பிங் கிரவுண்ட்' காணவில்லை என்று போன் செய்யாதே. அது தொலையவில்லை. அதை மட்டும் நீ இணையத்தில் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா