தாஹோ ஏரிக்கரையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பே இல்லை என்று என் மனைவியிடம் புகார் சொன்னார். இனி அப்படித்தான் இருக்கும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகவே தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை அமெரிக்காவின் தாஹோ ஏரிக்கரையில் கோல்ஃப் போட்டி பார்க்கப் போன இடத்தில் அப்பாவுக்கு இதயக் கோளாறு வந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் விடிய விடியக் கைபேசியை வைத்துக்கொண்டு எங்களோடு விழித்திருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் எழுதிவிடுகிறேன்.

முதலுதவிக் கூடாரத்துப் பிள்ளைகள், கூட்டத்தை விலக்கி ஆம்புலன்சுக்கு வழிசெய்த காவலர்கள், எங்கள் காரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டுவந்து மருத்துவமனை வாசலில் சேர்த்த தம்பி, இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள், காப்பீட்டுத் தாள்களோடு மல்லுக்கட்டிய சாக்ரமென்டோ அண்ணன், ரசம் சாதம் கொண்டுவந்த அக்காக்கள், கோவில்பட்டியில் அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார் என எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

ஒருவரை மட்டும் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரைப் பற்றித்தான் இந்த மடலில் பெரும்பகுதி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் பந்தை அடிக்கும் நேரத்தில் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லி அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்களே தன்னார்வலர்கள், அவர்களில் ஒரு பெண்மணி. நரைத்த தலை, வெயிலில் கன்றிய முகம். அப்பாவைக் கூடாரத்தில் படுக்கவைத்தபோது உள்ளே வந்தார். தன் அட்டையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

'ஒன்றும் ஆகாது' என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அப்பாவின் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். நான் எழுதிக்கொடுத்தது அது. அப்பா ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஹாக்கிக்காரர். கோல்ஃப் அவருக்குப் புதிது. எட்ஜ்வுட் தாஹோ கோல்ஃப் மைதானத்தில் 1990 முதல் நடக்கும் இந்த அமெரிக்கன் செஞ்சுரி சாம்பியன்ஷிப்பில் மட்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் வேறு விளையாட்டுகளில் பேர் வாங்கியவர்கள் என்பதால், யார் எதில் என்ன சாதித்தார் என்று தமிழில் குறித்துக் கொடுத்திருந்தேன். ஸ்டெஃபன் கரி, கூடைப்பந்து, நான்கு சாம்பியன் பட்டங்கள். மார்டி ஃபிஷ், டென்னிஸ், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. இப்படி ஒரு பக்கம்.

படித்துக்காட்டச் சொன்னார். காட்டினேன். "எல்லாம் நல்ல நாள்களாகவே எழுதியிருக்கிறாயே" என்றார். பிறகு அந்தப் பட்டியலை அவரே வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டோனி ரோமோவிலிருந்து தொடங்கினார். 2003இல் அமெரிக்கக் கால்பந்து அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது எந்த அணியும் அவரைச் சீண்டவில்லை. பிறகு டல்லாஸ் அணிக்குள் எப்படியோ நுழைந்து முதன்மை ஆட்டக்காரர் ஆனார். 2007 ஜனவரியில் சியாட்டிலில் ஒரு நாக்-அவுட் ஆட்டம். கடைசி நேரத்தில் உதைப்பவருக்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டியதுதான் வேலை. பந்து நழுவிவிட்டது. 20க்கு 21 என்று தோல்வி. அதே ரோமோ இந்த ஏரிக்கரையில் மூன்று முறை வென்றிருக்கிறார், 2022இலும் அவர்தான்.

ஜோ பவெல்ஸ்கி பனி ஹாக்கிக்காரர். 2023 ஏப்ரலில் தலையில் பலத்த அடிபட்டு சில ஆட்டங்கள் வெளியே இருந்தார். திரும்பி வந்த முதல் ஆட்டத்தில், 38 வயதில், நான்கு கோல் போட்டார். அவருடைய அணி அன்று போட்டதே அந்த நான்கும்தான். ஆனாலும் 5-4 என்று தோற்றார்கள். இதைக் கேட்டபோது அப்பா கண்ணைத் திறந்தார். பள்ளி அணிகளோடு ஊர் ஊராகப் போய்த் தோற்றுத் திரும்பிய மனிதர் அவர்.

ரிக் ரோடனின் கதை அவருக்கு இன்னும் பிடித்துவிட்டது. சிறுவயதில் எலும்பில் நோய் கண்டு காலில் உலோகக் கட்டோடு நடந்த பையன் பேஸ்பால் பந்துவீச்சாளர் ஆனார். 1988இல் ஒருநாள் நியூயார்க் யாங்கீஸ் அவரைப் பந்துவீச இறக்காமல், மட்டையாடுவதற்கு மட்டும் இறக்கியது. தாஹோவில் எட்டு முறை வென்றவர். அந்தக் கணக்கை வேறு யாரும் தொடவில்லை.

இடையில் தூரத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. அப்பா வாயைத் திறந்து முதன்முதலாகப் பேசினார்: "கோலா?"

அந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்தார். ஏழாவது குழியில், 152 கெஜத்திலிருந்து, கரி அடித்த ஒரே அடி நேராகக் குழிக்குள் போய்விட்டதாம். மனிதர் குழியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறாராம். "ஆமாம், கோல்தான்" என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன விலை கொடுப்பேன்?

மார்டி ஃபிஷ்ஷை அந்த அம்மா கடைசிக்கு வைத்திருந்தார். உலகத் தரவரிசையில் ஏழாவது இடம்வரை போனவர். 2012இல் இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்தார்கள். இதயம் சரியாகிவிட்டது, பயம் போகவில்லை. அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ஃபெடரரோடு ஆடவேண்டிய நாளில், மைதானத்துக்குப் போகும் வழியிலேயே விலகிக்கொண்டார். கடும் பதற்ற நோய். அதைப் பிற்பாடு அவரே வெளிப்படையாக எழுதினார், 2015இல் அதே அமெரிக்க ஓப்பனுக்குத் திரும்பி வந்து ஆடிவிட்டு ஓய்வுபெற்றார். 2020இல் இங்கே கோப்பை வாங்கினார். "இப்போது இந்தப் புல்வெளியில்தான் எங்கோ ஆடிக்கொண்டிருக்கிறார்" என்று அவர் சொல்லி முடித்தபோது ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அட்டை பிடித்த அம்மா, நீங்கள் சொன்னது என்ன வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் வந்து செய்யவேண்டியதை விளக்கினார். இதயத்துக்குள் குழாய் என்றாலே கையெழுத்துப் போடமாட்டார் என்று நாங்கள் கவலையில் இருந்தோம். அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஃபிஷ்ஷுக்குச் செய்தார்களே, அதுதானே?" பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று மாலை அறையில் இருந்த தொலைக்காட்சியில் கடைசிக் குழியைப் பார்த்தோம். கரி 18 அடியிலிருந்து உருட்டிய பந்து உள்ளே விழுந்தது. ஒரு குழிக்கு வைத்த கணக்கைவிட இரண்டு அடி குறைவாக முடித்தால் அது ஈகிள், அதற்கு இங்கே ஆறு புள்ளி. 75க்கு 73 என்று ஃபிஷ் இரண்டு புள்ளியில் தோற்றார். செவிலியர்கள் கைதட்டினார்கள், அப்பா மட்டும் கைதட்டவில்லை. தன் ஆள் தோற்றுவிட்டாராம்.

சாதனைப் பட்டியல் எழுதும் கை எனக்கு. வேலையிலும் அதுதான் செய்கிறேன், ஒவ்வொருவரின் சுயவிவரத்திலும் மேடுகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. படுத்திருக்கும் ஒருவருக்கு எதைச் சொல்லவேண்டும் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த ஜூலையில் இடம் கொடுத்தால் நானும் அங்கே அட்டை பிடிப்பேன். உங்களில் யாருக்காவது அந்தத் தன்னார்வலர்களைத் தெரிந்திருந்தால் இந்த மடலை அவர்கள் கண்ணில் படச்செய்யுங்கள். யாராவது ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அவரிடம் சேர்க்கச் சொல்லி அப்பா ஒரு செய்தி தந்திருக்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "டீச்சரம்மா, பவெல்ஸ்கி போட்ட நான்கு கோலையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பனிக்கட்டிமேல் சறுக்கிக்கொண்டு ஆடுவது ஹாக்கி இல்லை. நேரில் வந்து பேசுவோம்."