ஒய்2கே பங்கு: இரண்டு கணக்குகள் விட்டுப்போயின

20 ஜூலை 1999

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு வணிகப் பக்கத்தில், ஒய்2கே வேலை (வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிய புரோகிராம்கள் 2000 பிறந்ததும் தப்புக் கணக்குப் போடாமல் திருத்தும் வேலை) செய்யும் ஐந்து மென்பொருள் நிறுவனங்களின் பங்குகளை உடனே வாங்கிப் போடச் சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் டீமேட் கணக்கு எப்படித் தொடங்குவது என்று என்னிடம் விசாரிக்க வந்துவிட்டார். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பிரச்சினை கட்டுக்கதை இல்லை. 1985-இல் எங்கள் தொழிற்சாலையில் யாருக்கு எத்தனை வருட சர்வீஸ் பாக்கி என்று ஒரு பட்டியல் எடுத்தோம். 1947-இல் பிறந்த ஒரு ஃபிட்டர், 58 வயதில், அதாவது 2005-இல் ஓய்வு பெற வேண்டியவர். பாக்கி 20 வருடம். அச்சாகி வந்ததோ 80. வருடத்துக்கு இரண்டே இலக்கம் என்பதால் மெஷின் 05-இல் இருந்து 85-ஐக் கழித்திருக்கிறது. விடை மைனஸ் 80. அந்த இடத்தில் கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காததால், நாங்கள் புரோகிராம் எழுதிய கோபோல் மொழி குறியை விட்டுவிட்டு 80 என்று போட்டுவிட்டது. மனிதர் 118 வயது வரை ஸ்பேனரும் கையுமாக நிற்க வேண்டும்! தகவலைத் துளைகளாகப் பதியும், 80 கட்டம் உள்ள பஞ்ச் கார்டில் ஒவ்வொரு தேதிக்கும் '19' என்று இரண்டு கட்டத்தைச் செலவழிக்க அந்தக் காலத்தில் யாருக்கும் மனம் வராது. அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானே, இளமையில் புரோகிராம் எழுதியபோது தானும் இப்படி இடம் மிச்சம் பிடித்ததாகச் சென்ற ஆண்டு செனட் குழுவில் சொன்னார்.

சரி, வேலை இருக்கிறது, அதற்குக் காசும் கிடைக்கிறது. எது வரைக்கும்? கட்டுரையில் அது இல்லை.

ஒரு பங்குக்கு வருடம் 10 ரூபாய் லாபம் காட்டும் நிறுவனத்தை 600 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60 வருட லாபத்தை இன்றே எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பத்தில் 4 ரூபாய் ஒய்2கே-யால் வந்தது என்றால், அந்த நாலுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் ஆயுள். புது வருடத்தில் கொஞ்சம் ஒட்டு வேலை இருக்கும். பிப்ரவரி 29-ஆம் தேதி இன்னொரு தலைவலி: நூறால் வகுபடும் வருடம் லீப் வருடம் இல்லை என்பதோடு நிறுத்தி, நானூறால் வகுபட்டால் உண்டு என்பதை மறந்த புரோகிராம்கள் அன்றைக்கு மாட்டும். அப்புறம்? மீதி 6 ரூபாய் லாபத்துக்கு 600 ரூபாய் கொடுத்தவர்களாகிறோம். 60 வருடக் கணக்கு 100 வருடம் ஆகிவிடுகிறது.

உலகம் முழுக்க இதற்கு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என்ற கார்ட்னர் ஆய்வு நிறுவன மதிப்பீட்டைக் கட்டுரை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அது மொத்தச் செலவு. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் சொந்த ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளம், பழைய மெஷினைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கும் காசு எல்லாம் அதில் அடக்கம். நம் ஊர் நிறுவனத்துக்கு வருவது தலைக்கு இத்தனை டாலர் என்ற கூலி. அந்த வேலையும் சுருங்குகிறது. முன்பு எல்லாத் தேதியையும் நான்கு இலக்கமாக்க வேண்டும் என்றார்கள். இப்போது பல இடங்களில் 00 முதல் 29 வரை வந்தால் 2000-ஐச் சேர், மற்றதற்கு 1900-ஐச் சேர் என்று நாலு வரி எழுதி முடிக்கிறார்கள். அமெரிக்கா இந்த நிதியாண்டில் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான எச்-1பி வேலை விசாவை 65,000-இல் இருந்து 1,15,000 ஆக உயர்த்தியிருக்கிறது, நம் பிள்ளைகள் போகிறார்கள், சந்தோஷம். வேலை முடிந்து, அடுத்த வேலை வரும் வரை அவர்கள் பெஞ்சில் சும்மா உட்காரும்போதும் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கும். பங்குதாரர்தான் அதைச் சுமக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஆட்டம் முன்பே ஆடியாகிவிட்டது. கலிபோர்னியாவில் ஜைட்டெல் என்று ஒரு நிறுவனம். புரோகிராம்களைத் தானாகவே திருத்தித் தரும் கருவி ஒன்றைத் தயாரித்த நிறுவனத்தில் அதற்குப் பங்கு இருந்தது. அவ்வளவுதான், 1996-இல் விலை மளமளவென்று ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியும்விட்டது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திருத்தியதைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். பாதிக்கு மேல் உழைப்பு அதில்தான் போகும் என்று புரோகிராம் எழுதிய எவரும் சொல்வார்.

எல்லா நிறுவனத்தையும் ஒரே கூடையில் போடவில்லை. மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான இன்ஃபோசிஸ் தன் வருமானத்தில் ஒய்2கே எவ்வளவு என்பதைத் தனியாகவே சொல்கிறது. அந்த வேலையைக் காட்டி அமெரிக்க வாடிக்கையாளரிடம் நுழைந்து, நீண்ட காலப் பராமரிப்பு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டவர்கள் பிழைப்பார்கள். நேற்று வரை வேறு தொழில் செய்துவிட்டு இன்று பெயரில் 'இன்ஃபோடெக்' சேர்த்துக்கொண்டவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தேக்கு வளர்த்துப் பணத்தைப் பெருக்கித் தருவதாகச் சொன்ன திட்டங்களில் கையைச் சுட்டுக்கொண்ட ஓய்வூதியக்காரர்கள் இந்தச் சென்னையில் கொஞ்சமா?

எனவே கட்டுரையாளரிடம் கேட்டு அடுத்த ஞாயிறு இரண்டு விவரம் வெளியிடுங்கள். அவர் சொன்ன ஐந்து நிறுவனங்களுக்கும் சென்ற நிதியாண்டு வருமானத்தில் ஒய்2கே எத்தனை சதவீதம்? அந்த வேலையில் இருக்கும் ஆட்களுக்கு 2000 ஏப்ரலுக்குப் பிறகு கையில் என்ன ஒப்பந்தம் இருக்கிறது? இவற்றில் எதையாவது அவரே வாங்கி வைத்திருக்கிறாரா என்பதையும் கட்டுரையின் அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் பிரிவு மேற்பார்வையாளர்,
வில்லிவாக்கம், சென்னை - 49