புதுப் பெயின்ற் அடித்த பழைய மிசினுக்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோகம் நெருங்கினால் போதும், உங்கள் பத்திரிகையின் ஞாயிறு விளம்பரப் பக்கத்தில் சின்ன உழவு இயந்திரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். ஜப்பான் மிசின், குறைந்த மணித்தியாலம், புதுப் பெயின்ற், விலை நேரில். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டுத்தான். இப்படி ஒன்றை நம்பிப் போய்ச் சுட்டுக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன், நீளம் என்றால் வெட்டிப் போடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் நாலு பரப்பு, ஆறு பரப்புத்தான், அதற்குப் போகிற ஒழுங்கையும் ஒடுக்கம். மசி பேர்கசன் 240 மாதிரிப் பெரியதைக் கொண்டுபோனால் திருப்பும்போது அடுத்தவன் வேலியைத்தான் உழ வேண்டி வரும். அதனால்தான் இருபது, இருபத்தைந்து குதிரைவலு மிசினுக்கு இங்கே இவ்வளவு கிராக்கி. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழையதுகளின் விலை ஏறின ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 இல் திரும்ப இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், ஆனாலும் விற்கிறவர்கள் பலர் இன்னும் அந்தப் பழைய நினைப்பில்தான் விலை சொல்லுகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் மச்சானும் மிசின் பார்க்கப் போனபோது அது ஏற்கனவே உறுமிக்கொண்டு நின்றது. "உங்களுக்காகத்தான் அண்ணை ஸ்டார்ட் பண்ணி வைச்சனான்" என்றார் விற்கிறவர். தேத்தண்ணியும் வந்தது. மரியாதையான மனிசன் என்று நினைத்துக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்தநாள் காலமை எங்கள் வீட்டில் அரைமணித்தியாலம் மல்லுக்கட்டியும் வெள்ளைப் புகை மட்டும்தான் வந்தது. சூடாக இருக்கிற தேய்ந்த எஞ்சின் நல்ல எஞ்சின் மாதிரித்தான் ஓடும். ஆகவே போனவுடன் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள், சூடென்றால் நாளைக்கு விடிய வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். காலையில் ஸ்டார்ட் வராததற்கு குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்குகிற குளோ பிளக் போனதும் காரணமாக இருக்கலாம், அது சில்லறைச் செலவு. எங்களுக்கு வாய்த்தது கொம்பிறசன், அதாவது உள்ளே காற்றை அமுக்குகிற பலம், இறங்கின எஞ்சின், முழுக்க இறக்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டில் எது என்று தெரியாமல் விலை பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுவதுதான். ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஓரளவு பிடிபடும், அங்கிருந்து புகை பக்குப் பக்கென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகைக்கு உடனே பயப்படத் தேவையில்லை, பல நேரம் காற்று வடி அடைத்திருக்கும்.

மணித்தியால மீற்றர் என்ற ஒன்றைக் காட்டித்தான் பாதி விலையைச் சொல்லுகிறார்கள். இருபத்தைந்து வருட மிசினில் 480 மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு இருபது மணித்தியாலம்கூட இல்லை. ஜப்பானில் சின்னத் துண்டு வயல்காரர்கள் அப்படி ஓட்டியிருக்கலாம், பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே வந்து எத்தனை வருடம் உழைத்தது? கேபிள் அறுந்தால் மீற்றர் நின்றுவிடும், மிசின் நிற்காது. கிளச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் வளையம், பின்னால் இழுவைப் பெட்டி கொழுவுகிற துவாரம், இந்த மூன்றையும் பாருங்கள். அந்தத் துவாரம் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் அது மண்ணும் கல்லும் இழுத்த மிசின், உழுதது குறைவு. இழுவை வேலை கிளச்சையும் பிறேக்கையும் தின்றுவிடும். கிளச் தட்டின் விலை பெரிதில்லை, அதை மாற்ற மிசினை நடுவால் பிரிக்க வேண்டும், கூலிதான் கடிக்கும். மாறாக ஒழுங்காக ஒயில் மாற்றின சின்ன டீசல் எஞ்சின் மூவாயிரம் மணித்தியாலம் தாண்டியும் நன்றாக ஓடும், உண்மையான மீற்றரைக் காட்டுகிறவனுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

எங்கே உழைத்தது என்பதையும் கேட்க வேண்டும். சேற்று வயலில் உழைத்ததென்றால் முன் அச்சின் சீல் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கும், அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள், பால்தேத்தண்ணி நிறத்தில் ஏதும் வந்தால் புரிந்துவிடும். செம்மண் தோட்டத்தில் உழைத்ததென்றால் சுழல் கலப்பையின் கத்திகளைப் பாருங்கள், கீழே சுண்ணாம்புக் கல் அவற்றை அரத்தால் ராவினமாதிரி ராவியிருக்கும். சுழல் கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் கதையுங்கள், அதற்குள் அது நிலத்துக்கு இறங்கினால் ஹைட்ரோலிக்கில் கசிவு. இன்னொன்று எங்கள் கிணற்றுத் தண்ணீர். கேத்தலுக்குள் படிகிற அதே சுண்ணாம்புதான் றேடியேற்றருக்குள்ளும் படிகிறது, மூடியைத் திறந்து விரலை விட்டால் தெரியும் (எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும், முகம் முக்கியம்).

விலைக்கு என் கணக்கு இதுதான். அதே வருடம், அதே குதிரைவலுவில் பழுதில்லாத ஒன்று என்ன விலைக்குப் போனது என்று வாங்கின இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள், தரகரிடம் அல்ல. பிறகு ரயர், கிளச், சீல், கத்தி என்று மாற்ற வேண்டியதை ஒரு மெக்கானிக்கோடு நின்று கடதாசியில் எழுதி, கூலியோடு கூட்டிக் கழியுங்கள். அந்த மொடலுக்கு உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். ஜப்பான் உள்ளூருக்கென்று செய்த மொடல்கள் பலவற்றுக்குப் பாகம் தேடி அலைய வேண்டும், அதற்கும் குறைக்கத்தான் வேண்டும். பெயின்ற்றுக்கு ஒரு சதமும் கூட்டாதீர்கள், எனக்கென்றால் பழைய ஒயில் கறையோடு நிற்கிற மிசினில்தான் நம்பிக்கை, கசிவு எங்கே என்று அதுவே காட்டும்.

பதிவுப் புத்தகம் இல்லாமல் ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்து வைத்த பேப்பரில், தருகிறேன் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா, லீசிங் கம்பனியின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு அதில் யாராவது கள்ள மணல் ஏற்றிப் பிடிபட்டால் பொலிஸ் தேடுவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை, ஆகவே விற்கிறவருக்கும் பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் நல்லது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உழவு இயந்திர விளம்பரம் தருகிறவர்களிடம் உற்பத்தி வருடம், குதிரைவலு, புத்தகம் யார் பெயரில், கேட்கும் விலை, இந்த நாலையும் கட்டாயம் எழுதி வாங்கிப் போட முடியாதா? நாலு சொல் கூடும், அதற்குக் காசு கூட வாங்குங்கள். விலை நேரில் என்று போட்டால் சாவகச்சேரிக்கும் சங்கானைக்கும் பெற்றோல் அடித்து ஓடுவது நாங்கள்தானே.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரன்,
உரும்பிராய்.