தண்ணி கம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் குடியாத்தம் பக்கம் பீடி சுத்தற பொம்பள, எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா திருத்திப் போடுங்க.

எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாள் வேலூர்ல டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடியகாலை பஸ்ஸுக்கு கிளம்பணும், முந்தின ராத்திரியே இலை வெட்டி ஈரத்துணியில சுத்தி வச்சுட்டு போவேன், திரும்பி வந்து முறத்த மடியில வச்சா ஆயிரம் முடியாது, ஐந்நூறோட கை நின்னு போவும். முதல் ஆறு மாசம் நான் சாமி கும்பிடவே இல்லைங்க, விளக்கு கூட ஏத்தல, கோவம்.

இந்த வியாதியில ஊசிய விட தண்ணி தான் கொடுமை. அக்னி நட்சத்திரத்துல வேலூர் வெயில் உங்களுக்கு தெரியும், கிட்னி வேலை செய்யாததால குடிக்கற தண்ணி உடம்புலயே தங்கிடும், அதனால அந்த வெயில்லயும் ஒரு நாளைக்கு அளந்து அளந்து தான் குடிக்கணும், சாம்பார் மோர் எல்லாம் அந்த கணக்குல தான். ஒரு நாள் வெளிய பெஞ்சுல அவரு உதட்ட நக்கிக்கினு உக்காந்திருந்தாரு. எதிர்ல ஒரு பெங்கால் அம்மா, மகனுக்கு அதே வியாதி, லாட்ஜுல ரூம் எடுத்து ஸ்டவ் வச்சு சமைச்சிக்கினு மாசக்கணக்கா கிடக்கறாங்க. அவங்க எழுந்து போய் எங்கயோ ஐஸ் வாங்கி, புடவை முந்தானையில முடிஞ்சு தரையில தட்டி ஒடச்சு, ஒரே ஒரு துண்ட இவரு வாயில வச்சு, மெதுவா மெதுவான்னு கையால காட்டினாங்க. "பானி கம்"னாங்க, தண்ணி கம்மியான்னு அர்த்தம். இவரு கண்ண மூடிக்கினாரு. நான் அழுதுட்டேன்.

கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோவில்ல ரொம்ப காலம் மூலவரே இல்ல, 1981ல தான் சத்துவாச்சாரியில இருந்து லிங்கத்த கொண்டாந்து வச்சாங்க. அதுக்கு முன்னாடியும் எங்க பாட்டி அங்க போனா வெறும் கருவறைய பாத்து கும்பிட்டுட்டு தான் வருமாம். அந்த ஐஸ் துண்டுக்கு அப்புறம் தான் பாட்டி பண்ணது எனக்கு புரிஞ்சுது, அன்னிக்கு சாயந்திரம் வூட்ல விளக்கு ஏத்தினேன்.

இப்ப நான் எழுதற விஷயம் வேற. அதே அம்மாவ ஒரு ஆட்டோக்காரர் அதிகமா காசு கேட்டு நடு ரோட்டுல நிறுத்தி கத்தினாரு, தமிழ் தெரியாதுன்னு சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நம்ம ஊரையும் இங்க இருக்கற வைத்தியத்தையும் நம்பி ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து காட்பாடியில வந்து இறங்கறாங்க, நகைய வித்துட்டு வர்றவங்க ஐயா அவங்க. கடைக்காரங்க, லாட்ஜுக்காரங்க, ஆட்டோ அண்ணன்மாருங்க கொஞ்சம் பொறுமையா பேசுங்கன்னு உங்க பேப்பர்ல போடுங்க, வழி கேட்டா கையயாவது காட்டுங்க.

அந்த அம்மா ஊருக்கு போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்றாங்க, அவங்க பாஷை எனக்கு தெரியாது, என் பாஷை அவங்களுக்கு தெரியாது. "தண்ணி?"ன்னு கேப்பாங்க. நான் "கம், கம்"னு சொல்லுவேன்.

இப்படிக்கு
ஒரு வாசகி, குடியாத்தம்