தமிழ் வசனவரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

காது மந்தமான என் அப்பா வசனவரியை, அதாவது படத்தின் மேல் எழுத்தாக வரும் பேச்சை, வாசித்துப் பார்க்கட்டும் என்று ரீவியோடு ஒரு மினி கணினியைப் பொருத்தினேன். விசிறியே இல்லாத, அலுமினியக் கூட்டால் சூட்டை வெளிவிடும் வகை. உள்ளே குறைந்த மின்சக்தியில் ஓடும் 6 வாட் என்100 சிப், சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம்; ஆகவே இரைச்சல் இல்லை. உப்புக்காற்றை இழுக்க விசிறி இல்லாதது எங்கள் கடற்கரைப் பக்கத்துக்கு இன்னொரு நன்மை. அலுமாரிக்குள் மட்டும் அடைத்து வைக்காதீர்கள், திருகோணமலை வெயிலுக்குக் கொதித்துவிடும்.

ரீவி ரிமோட்டில் வசனவரிக்கென்று உள்ள 'சிசி' பொத்தானை நம்பிப் பயனில்லை. பழைய ஒளிபரப்போடு வந்த வசனவரித் தரவை கணினியை ரீவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் கடத்தாது. கணினியே எழுத்தைப் படத்தின் மேல் போட வேண்டும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் அதைச் செய்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம், வசனம் முந்திப் பிந்தினால் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். வசனவரி எழுதியிருக்கும் எஸ்ஆர்டி கோப்பை, தமிழ் எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமிக்காவிட்டால் தமிழ் கோணல்மாணல் குறிகளாய்த்தான் தெரியும்.

இவ்வளவும் செய்து ஆங்கிலப் படம் பார்க்கிறார், தமிழ்ச் செய்தி பார்க்க வழியில்லை. நம் தமிழ்த் தொலைக்காட்சிகள் இரவுச் செய்திக்காவது வசனவரி போடக்கூடாதா? வாசிப்பவரின் கையில் எழுதிய செய்தி ஏற்கெனவே இருக்கிறதே!

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.