ஆனைமடுவு நீர்மட்டத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சேலம் பதிப்பில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் தினமும் வருகிறது. வரட்டும், டெல்டா முழுக்க அதைப் பார்த்துத்தானே நாற்று விடுகிறது. ஆனால் பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் பக்கம் விவசாயம் பார்க்கும் எங்கள் வயலுக்கு மேட்டூர் தண்ணீர் வராது. எங்களுக்கு வசிஷ்ட நதிதான்.

அருநூற்றுமலையில் பெய்யும் மழை புழுதிக்குட்டை ஆனைமடுவு அணைக்கு வருகிறது. கல்வராயன்மலைத் தண்ணீர் பாப்பநாயக்கன்பட்டி கரியகோயில் அணைக்கு வருகிறது. முழு உயரம் முதலாவது 67.25 அடி, அடுத்தது 52.49 அடி. மேட்டூரோடு பார்த்தால் சின்ன அணைகள்தான். ஆனாலும் இவை நிரம்பி ஆற்றில் தண்ணீர் விட்டால்தான் வழியில் உள்ள ஏரிகள் நிரம்பும், கரையோரக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். என்னுடையது பாக்குத்தோப்பு. தொடர்ந்து இரண்டு கோடை தண்ணீர் இல்லாவிட்டால் மட்டை பழுத்து, கொண்டை சாய்ந்து, மொட்டை மரமாக நிற்கும். அப்புறம் எவ்வளவு மழை பெய்தும் பிரயோஜனம் இல்லை. புதுக் கன்று வைத்து ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் மலைமேல் நல்ல மழை பிடித்தால் ஆறு ஒரே ராத்திரியில் செம்மண் கலங்கலாக இரு கரையும் தொட்டு வருகிறது. அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எப்போது திறப்பார்கள் என்று தெரிந்தால் ஆற்றோரம் போட்ட மோட்டாரையாவது முந்தின நாளே மேலே ஏற்றிவிடலாம். இப்போது யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால்தான் உண்டு, அதுவும் பல நேரம் பழைய தகவலாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடையில் ஆத்தூர்ப் பாலத்தில் நின்று பாருங்கள். சாக்கடையும் கோழிக்கழிவு மூட்டைகளும்தான் ஆறு. இதே ஆறுதான் கீழே போய், கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கடலூர் மாவட்டத்து விவசாயியும் இந்தத் தண்ணீரைத்தான் நம்புகிறார்.

மேட்டூர் கட்டத்துக்குக் கீழே ஆனைமடுவு, கரியகோயில், அப்படியே சேர்வராயன்மலைத் தண்ணீர் வரும் பாப்பிரெட்டிப்பட்டி வாணியாறு, மூன்றுக்கும் ஒவ்வொரு வரி ஒதுக்குங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஆரம்பித்தால் இந்த மழைக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு பாக்கு விவசாயி,
பெத்தநாயக்கன்பாளையம்